அளவு ஜாக்கெட் வாங்கப்பட மாட்டாது

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்குக் கம்ப்யூட்டருக்கு உயிர் வந்தது. வாங்கிவந்த முதல் நாள் இருந்ததைப் போலப் பளிச்சென்று, புத்தம் புதிதாக எழுந்து நின்றது. அதுதான் பிரச்சினை.

பீர் முகம்மது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். திரையில் நீல வானம் இருந்தது, புல்வெளி இருந்தது. 'கஸ்டமர்' என்று பெயர் போட்ட மஞ்சள் பெட்டியைக் காணோம். அதற்குள் இருந்த ஆயிரத்து நூற்று நாற்பது பெண்களையும் காணோம்.

பெண்கள் என்றால் பெண்களின் ஜாக்கெட் அளவுகள். திருவண்ணாமலை சின்னக்கடைத் தெருவில் 'மெஹ்ரு லேடீஸ் டெய்லர்ஸ்' என்றால் தெரியாதவர்கள் கிடையாது. கடைக்குப் பெயர் கொடுத்தவர் பாயின் மனைவி மெஹ்ருன்னிசா. பெயரை விட்டால் மற்ற பெருமையெல்லாம் தன்னுடையது என்பது பாயின் எண்ணம்.

நடந்தது இதுதான். காலையில் பொத்தானை அமுக்கியதும் கம்ப்யூட்டர் வழக்கம்போல எழவில்லை. இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டு, இரண்டு வழி காட்டி, எது வேண்டும் என்றது. ஒன்றில் ஃபைல்களை வைத்துக்கொள்ளவா என்று ஏதோ இருந்தது. இன்னொன்றில் 'ரிமூவ் எவ்ரிதிங்' என்று இருந்தது. எல்லாவற்றையும் நீக்கு. அவ்வளவு இங்கிலீஷ் பாய்க்குத் தெரியும். கோளாறை நீக்குவது என்று ஆனபிறகு அதில் பாதியை எதற்கு மிச்சம் வைக்க வேண்டும், எல்லாவற்றையும் நீக்கட்டுமே என்று தாராள மனசோடு இரண்டாவதை அமுக்கினார். ஒரு மணி நேரம் வட்டம் சுற்றியது. எல்லாம் நீங்கியது.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் மெஹ்விஷுக்குப் போன் போட்டார். வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசினார்.

"அத்தா, நீங்க எதையும் அமுக்கலயே?"

"ஒண்ணே ஒண்ணுதாம்மா அமுக்கினேன்."

எதை என்று சொன்னார்.

"சரி, பரவால்ல அத்தா. அதுக்குத்தானே பேக்கப். வெளியில சொருகற சின்ன டிஸ்க் ஒண்ணு வாங்கிக் குடுத்தேனே? டெய்லி சாயங்காலம் பேக்கப் பண்ணணும்னு சொன்னேனே?"

"டெய்லி பண்றோமே! ஒரு நாள்கூட விட்டதில்லயே!"

"அப்ப என்ன பயம்? எல்லாம் அதுல அப்படியே இருக்கும்."

பாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கால் நீட்டி, நடுவில் தொங்கிய பச்சைத் திரையைப் பார்த்தார்.

அந்தத் திரையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். திரைக்கு இந்தப் பக்கம் பாய், கம்ப்யூட்டர், பிரின்டர், மனைவிமாரை அழைத்துவரும் கணவன்மார்கள் உட்கார மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. திரைக்கு அந்தப் பக்கம் மெஹ்ருன்னிசா, கட்டிங் பார்க்கும் கனகாம்பாள், மெஷினில் மூன்று பெண்கள். கடை திறந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பெண்கள் அளவு கொடுக்கிற, போட்டுப் பார்க்கிற இடம் என்பதால் கடை நேரத்தில் பாய் ஒரு தடவைகூடத் திரையைத் தாண்டியதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் குரல் கொடுப்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மெஹ்விஷ் முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு இந்தக் கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்தாள். அன்றிலிருந்து பாய் ஒரு சுற்றுப் பருத்தார். அதே வாரம் வாசலில் ஒரு போர்டு மாட்டினார். 'இங்கு அளவு ஜாக்கெட் வாங்கப்பட மாட்டாது. எல்லாம் கம்ப்யூட்டர் அளவு.'

அதுவரை எல்லா டெய்லர் கடையையும் போலத்தான் இருந்தது. பெண்கள் பீரோவிலிருந்து கச்சிதமான பழைய ஜாக்கெட் ஒன்றை எடுத்துத் துணியோடு பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். அதைப் பார்த்துப் புதிது தைக்க வேண்டும். "பழசைப் பக்கத்துல வெச்சிக்கினு புதுசு வெட்டறது, காப்பி அடிச்சுப் பாஸ் ஆவற மாதிரி. அதெல்லாம் இனிமே இங்க கிடையாது" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பாய் சொன்னார்.

புது முறை ஜோராக இருந்தது. உள்ளே மெஹ்ருன்னிசா டேப்பால் அளப்பாள். அளந்து, "உயரம் பதினாலரை!" என்று குரல் கொடுப்பாள். பாய் தட்டுவார். "பதினாலரை, ஓகே! அடுத்தது?" என்று பதில் குரல் கொடுப்பார். "இடுப்பு இருபத்தாறு!" என்று உள்ளிருந்து வரும். நாற்காலியில் இருக்கும் கணவன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி, திரையை ஒரு முறை ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வான். ஆளுக்கு ஒரு ஃபைல். ஃபைலுக்கு அந்தப் பெண்ணின் பெயர். உள்ளே வெறும் எண்கள். வெட்டுகிற அன்று அளவுச் சீட்டை அச்சடித்துத் திரைக்கு அடியில் தள்ளிவிட வேண்டியது. தைத்து முடித்து, கவரில் போட்டு, பின் அடித்து வெளியே தருவது கனகாம்பாள்.

மாலைத் தொழுகைக்குப் பாய் பள்ளிவாசலுக்குப் போகும் நேரத்தில் பேக்கப் வேலையும் கனகாம்பாளுடையதுதான். திரும்பி வந்து, "கனகா, பேக்கப் ஆச்சா?" என்பார். "ஆச்சு பாய்!" என்பாள். மூன்று வருஷமாக இதில் ஒரு நாள் மாற்றமில்லை.

இப்போது குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டார். "கனகா, அந்த பேக்கப்பைக் கொஞ்சம் குடு."

"எதுக்கு பாய்?"

"சும்மாதான். பாத்து ரொம்ப நாளாச்சு."

உள்ளே யாருக்கும் விஷயம் தெரியக் கூடாது என்று பாய் முடிவு செய்திருந்தார். தெரிந்தால் அந்த போர்டு என்ன ஆவது? அவர் சொன்ன காப்பி அடிக்கிற கதை என்ன ஆவது?

திரைக்கு அடியில் ஒரு சுருக்குப் பை வந்தது. மிச்சப் பட்டுத்துணியில் ஜரிகை பார்டர் வைத்து அழகாகத் தைத்த பை. பிரித்தால் பஞ்சு. பஞ்சுக்குள் இரண்டு அந்துருண்டை. அவற்றின் நடுவே, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமுமாக, அந்தச் சின்ன டிஸ்க்.

உள்ளே சத்தம் கேட்காமல் கம்ப்யூட்டரையும் அந்தப் பையையும் தூக்கிக்கொண்டு பாய் ஆட்டோ பிடித்தார்.

*

வேங்கிக்காலில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சோமேஷ் அந்த டிஸ்க்கைத் துடைத்துச் சொருகிப் பார்த்தான்.

"பாய், இது பொறந்ததுலேருந்து எந்தக் கம்ப்யூட்டர்லயும் சொருகவே இல்லயே."

"என்னப்பா சொல்ற? டெய்லி பேக்கப் பண்ணியிருக்கு!"

"உள்ள ஒண்ணுமே இல்ல பாய். காலி."

பாய் வாசலுக்கு வந்து கனகாம்பாளுக்குப் போன் போட்டார். "கனகா, கோவப்படலம்மா, சும்மா தெரிஞ்சிக்கத்தான் கேக்கறேன். டெய்லி பேக்கப் எப்படிப் பண்ணுவ?"

"நீங்க சொன்ன மாதிரிதான் பாய். நல்லா தொடச்சு, பஞ்சு சுத்தி, பையில போட்டு, சுருக்கு இழுத்து, பீரோவுல வெச்சுடுவேன். மாசம் ஒரு வாட்டி அந்துருண்டை மாத்துவேன். ஏன் பாய், பூச்சி கீச்சி அரிச்சுடுச்சா?"

"இல்லம்மா. ரொம்பப் பத்திரமா இருக்குது."

யாரைக் குற்றம் சொல்வது? இங்கிலீஷில் அவை இரண்டு வேறு சொற்கள். நம் வாயில் வந்துவிட்டால் நகல் எடுத்து வைப்பதும் பேக்கப்தான், மூட்டை கட்டி வைப்பதும் பேக்கப்தான். மெஹ்விஷ் முதலாவதைச் சொன்னாள். கனகாம்பாள் இரண்டாவதை மூன்று வருஷம் பிசகில்லாமல் செய்தாள். நடுவில் நின்று ஒரு பேக்கப்பை வாங்கி இன்னொரு பேக்கப்பாக ஒப்படைத்தவர் பாய்தான்.

"அழிஞ்சதைத் தோண்டி எடுக்க சாஃப்ட்வேர் இருக்குது பாய்" என்றான் சோமேஷ். "உக்காருங்க."

பாய் உட்கார்ந்தார். உட்கார்ந்தாரே தவிர மனசு நிலைகொள்ளவில்லை. காரணம், தேவசேனா மாமி.

தேவசேனா மாமியின் கணவர் அண்ணாமலையார் கோவிலில் குருக்கள். மாமியின் பெண் நந்தினிக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். நிச்சயதார்த்தத்தின்போதே மாமி, நந்தினி, சிதம்பரத்து அத்தை, காஞ்சிபுரத்துச் சித்தி என்று பதினோரு பெண்கள் ஒரே நாளில் வந்து அளவும் துணியும் கொடுத்துவிட்டார்கள்; வெளியூர்க்காரர்கள் ஊருக்கும் போய்விட்டார்கள். மொத்தம் இருபத்தொரு ஜாக்கெட். எல்லாம் பட்டு. வெள்ளிக்கிழமை பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் வந்துவிட்டால் தெருவில் கால் வைக்க முடியாது என்பதால் வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் அத்தனையும் கொடுத்தாக வேண்டும். இன்றைக்கே அளவுச் சீட்டு திரைக்கு உள்ளே போயிருக்க வேண்டும்.

மணப்பெண் மேடையில் நிற்கும்போது ஜாக்கெட் தோளில் நழுவினால்? கை ஏறவே இல்லை என்றால்? பாய் கண்ணை மூடிக்கொண்டார். மூடினால் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. திறந்துகொண்டார்.

நாலரை மணிக்கு சோமேஷ் கூப்பிட்டான். "எல்லா ஃபைலும் வந்துடுச்சு பாய். ஆயிரத்து நூத்தி நாப்பது."

பாய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா பேரு வரல."

"பேரு வரலன்னா?"

"இப்படித் தோண்டி எடுக்கறப்ப ஃபைல் பேரெல்லாம் போயிடும் பாய். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர்தான் இருக்கும். உள்ள என்ன இருக்குதோ அது அப்படியே இருக்கும்."

உள்ளே என்ன இருக்கிறது? எண்கள். ஆயிரத்து நூற்று நாற்பது பெண்களின் உயரமும் இடுப்பும் கையும் கழுத்தும் இருக்கின்றன. எது யாருடையது என்று மட்டும் இல்லை.

சோமேஷ் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். "பாய், இவங்களுக்கு இடுப்பு பன்னெண்டுன்னு போட்டிருக்கே. குழந்தையா?"

"நம்ம கடையில குழந்தைங்களுக்குத் தைக்கறதில்லயே."

"இங்க ஒருத்தருக்குக் கை நீளம் முப்பத்திரண்டு."

பாய் மெஹ்விஷைக் கேட்டார். "டேட்டா கரப்ட் ஆயிருக்கும் அத்தா. அழிஞ்சு திரும்பி வந்ததுல அங்கங்க அப்படித்தான் கெட்டுப் போயிருக்கும்" என்றாள். அது பாய்க்குப் புரிந்தது. இவ்வளவு அடிபட்டு வந்ததற்கு இந்தமட்டும் பிழைத்ததே பெரிது.

கடைக்குள் நுழையும்போதே திரைக்குப் பின்னாலிருந்து மெஹ்ருன்னிசாவின் குரல் வந்தது. "என்னங்க, கல்யாணச் சீட்டு எங்க?"

"பிரின்டர் கொஞ்சம் மக்கர் பண்ணுது. காலையில தரேன்."

பாவம், பிரின்டர் ஒரு தவறும் செய்யவில்லை.

*

புதன்கிழமை காலை பாய் ஒரு யோசனை கண்டுபிடித்தார். யார் ஒல்லி, யார் பருமன் என்று தெரிந்தால் எண்களைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். கேட்க வேண்டிய ஒரே ஆள் தேவசேனா மாமி.

"என்ன பாய், தைச்சாச்சா?" என்றாள் மாமி, போனை எடுத்ததும்.

"தைச்சிக்கினே இருக்கோம் மாமி. ஒரு சின்ன சந்தேகம். அந்த சிதம்பரத்து அத்தை… கொஞ்சம் பூசினாப்பல இருப்பாங்க இல்ல?"

"யாரைச் சொல்றேள்?"

"இல்ல மாமி, தப்பா எடுத்துக்காதீங்க. காஞ்சிபுரத்துச் சித்தி ஒல்லிதானே? அவங்களுக்கு சிதம்பரத்தவங்களவிட எவ்ளோ கம்மியா இருக்கும்? உத்தேசமா சொன்னாப் போதும்."

"பாய்! கல்யாண வீட்ல வந்து இதென்ன கேள்வி? அத்தை பக்கத்துலயேதான் உக்காந்துண்டிருக்கா. ஸ்பீக்கர்ல வேற இருக்கு."

பாய் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அதன் மேல் தப்பில்லை. திரும்பக் காதில் வைத்துக்கொண்டு, வாசல் போர்டுக்குக் கேட்காத அளவுக்குக் குரலைத் தாழ்த்தினார். "மாமி, எதுக்கும் ஆளுக்கு ஒரு அளவு ஜாக்கெட் குடுத்தனுப்பினீங்கன்னா…"

"திரும்பவுமா? அதான் அன்னிக்கே உள்ள குடுத்தாச்சே!"

அளவைக் கொடுத்தாயிற்று என்கிறாள் என்று பாய் புரிந்துகொண்டார். "ஆமா ஆமா, குடுத்துட்டீங்க. மறந்துட்டேன்."

"எனக்கு வயத்தைக் கலக்கறது பாய். ஏதோ ஆயிருக்கு, நீங்க சொல்ல மாட்டேங்கறேள். நாளைக்கு நாலு மணிக்கு எல்லாரையும் கூட்டிண்டு நானே வரேன். அங்கயே போட்டுப் பாத்துடறோம்."

"எல்லாரும் எதுக்கு மாமி, நானே வீட்ல கொண்டாந்து…"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

யார் யாருக்கு அளவு சரியில்லை என்று முகூர்த்தத்தன்று மண்டபத்தில் தெரியவரும், அப்போது ஆளோடு ஆளாக எங்காவது ஒதுங்கிக்கொள்ளலாம் என்பதுதான் அவருடைய கடைசி நம்பிக்கையாக இருந்தது. ஒரே போனில் அதையும் கெடுத்துக்கொண்டார். இனி நாளை நாலு மணிக்கு, சொந்தக் கடையில், கஸ்டமர்கள் முன்னிலையில் தெரியவரும்.

"சீட்டு என்னங்க ஆச்சு?" திரைக்குப் பின்னாலிருந்து மறுபடியும் குரல்.

பாய் எண்களின் முன்னால் உட்கார்ந்தார். பதினோரு முகங்களையும் மனசில் கொண்டுவந்தார். அன்று வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதையும், போய்த் திரும்பியதையும்தான் அவர் பார்த்திருந்தார். வந்தவர்கள் எல்லோரும் பெரிய பெரிய கைப்பையோடு வந்தார்கள் என்பது ஞாபகத்துக்கு வந்தது. அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. சிதம்பரத்து அத்தை நாற்காலியில் உட்கார்ந்தபோது நாற்காலி முனகியது. சரி, இது பெரிய அளவு. காஞ்சிபுரத்துச் சித்தி அத்தைக்குப் பின்னால் நின்றது தெரியவே இல்லை. இது சின்னது. மணப்பெண் நந்தினி நடுவாந்தரம். மற்ற எட்டுப் பேரையும் அல்லாவின் மேல் பாரத்தைப் போட்டுப் பங்கிட்டார். பதினோரு ஃபைலைத் தேர்ந்தெடுத்து, அச்சடித்து, மேலே பேனாவால் பெயர் எழுதி, திரைக்கு அடியில் தள்ளினார்.

உள்ளே கனகாம்பாள் எடுத்துக்கொண்ட சத்தம் கேட்டது. "வந்துடுச்சு பாய்! பேப்பர் இந்த வாட்டி நல்ல கெட்டியா இருக்கு!"

எழுதியிருப்பதைப் பார்க்காமல் பேப்பரையா பார்க்கிறாள் என்று பாய்க்குத் தோன்றியது. அதற்குள் கத்தரிக்கோல் பட்டில் இறங்குகிற 'சரக்' சத்தம் கேட்டது. வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

ஒவ்வொரு சரக்குக்கும் பாய் ஒரு முறை எழுந்து உட்கார்ந்தார். அவர் திருடவில்லை, பொய்க் கணக்கு எழுதவில்லை. ஆனாலும் ஒரு பெண்ணின் கல்யாணத்துப் பட்டை அவர் குருட்டாம்போக்கில் வெட்ட விட்டுக்கொண்டிருந்தார். அது அவருக்கே பொறுக்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்து, அப்படியே மூடிவைத்தார். சொல்லிவிடலாம் என்று எழுந்து திரைக்கு அருகில் போனார்.

"மெஹ்ரு…"

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. டீ சொல்லட்டுமா?"

டீ வந்தது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி தைரியம் வந்தது. மறுபடி, "மெஹ்ரு…" மறுபடி டீ. மாலைக்குள் நாலு டீ உள்ளே போய்விட்டது.

"பாய்க்கு என்ன ஆச்சுன்னு தெரியல, இன்னிக்கு டீ ரொம்ப ஜாஸ்தியா இருக்கு" என்று கனகாம்பாள் உள்ளே சொல்வது கேட்டது. பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும், நாளைக்கு இந்தச் சிரிப்பு இருக்காது என்று பாய் நினைத்துக்கொண்டார்.

*

வியாழக்கிழமை நாலு மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே மூன்று ஆட்டோ வந்து நின்றது. தேவசேனா மாமி முன்னால் இறங்கினாள். பின்னாலேயே நந்தினி, சிதம்பரத்து அத்தை, காஞ்சிபுரத்துச் சித்தி, இன்னும் ஏழு பேர். அத்தை பாயைப் பார்த்த பார்வையில் நேற்றைய ஸ்பீக்கர் போன் இருந்தது.

"இவர்தானா அந்த 'பூசினாப்பல'?" என்று மாமியிடம் கேட்டுவிட்டு அத்தை உள்ளே போனாள்.

எல்லோரும் திரைக்குள் மறைந்தார்கள். பாய் எழுந்து நின்றார். உட்காரப் பயமாக இருந்தது. என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். 'மாமி, என் தப்பு. துணி எல்லாம் புதுசா எடுத்துக் குடுத்துடறேன். மண்டபத்துலயே மெஷின் போட்டுத் தைச்சுக் குடுக்கறேன்.' மறுபடி முதலிலிருந்து சொல்லிப் பார்த்தார்.

உள்ளே ஹாங்கர்கள் இடிபட்டன. கொக்கி மாட்டுகிற அமைதி. பிறகு, "ஐயோ!" என்று நந்தினியின் குரல்.

பாய் பிரின்டரைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, எவ்வளவு கரெக்டா இருக்கும்மா! கைய பாரேன்!"

பாய்க்குத் தன் காதின் மேல் சந்தேகம் வந்தது. அடுத்து அத்தையின் குரல். "எனக்கு எந்த டெய்லரும் இப்படித் தைச்சுக் குடுத்ததில்லடீ. பிடிக்கவே இல்ல, தொளதொளன்னும் இல்ல." சித்தியின் குரல். இன்னொரு குரல். ஒரு குரலிலும் குறை இல்லை. கண்ணாடி முன்னால் நகரச் சொல்லி ஒருத்தியை ஒருத்தி தள்ளுகிற சத்தம்தான் இருந்தது.

பாய் நாற்காலியில் விழுந்தார். இரண்டு நாளாகப் பிடித்துவைத்திருந்த மூச்சு மொத்தமாக வெளியே வந்தது. கண் கலங்கியது. துடைத்துக்கொண்டார். மறுபடி கலங்கியது. கலங்கட்டும் என்று விட்டுவிட்டார். இத்தனை நிம்மதியை அவர் மகள் வேலைக்குச் சேர்ந்த அன்றுகூட அனுபவித்ததில்லை.

வெளியே வந்த மாமி கையெடுத்துக் கும்பிட்டாள். "மன்னிச்சுக்கோங்கோ பாய். நேத்து என்னென்னவோ நெனச்சுட்டேன். இருபத்தொண்ணும் கச்சிதம்."

அத்தை கொஞ்சம் தயங்கினாள். "பூசினாப்பலன்னு சொன்னாலும் தைச்சது நன்னா இருக்கு" என்றாள்.

ஆட்டோக்கள் புறப்பட்டன. தெரு முனை திரும்பும்வரை பாய் வாசலில் நின்று கையாட்டினார். அதற்குள் அவருடைய நிம்மதி மெல்ல மெல்ல வேறு ஒன்றாக மாறிக்கொண்டிருந்தது. யோசித்துப் பார்த்தால், பதினோரு பேர். பதினொன்றும் சரி. ஒன்றுகூடத் தப்பவில்லை. இது தற்செயலா? ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லுகிற கண் ஒருவனுக்கு இருந்தால் அதை என்னவென்று சொல்வது? நாற்காலி முனகியதை வைத்துக்கொண்டு ஒருவன் ஜாக்கெட் வெட்டினான் என்றால் அவன் லேசுப்பட்ட ஆளா?

மெஹ்விஷுக்குப் போன் போட்டார்.

"அத்தா, என்ன ஆச்சு? எல்லாம் சரியா வந்துச்சா?"

"பேக்கப் பேக்கப்னு அலைஞ்சோமே, பேக்கப் என் கண்ணுலயே இருந்திருக்கும்மா."

"புரியல அத்தா."

"உனக்குப் புரியாது. இது தொழில்."

போனை வைத்துவிட்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு திரையின் முன்னால் போய் நின்றார். இப்போது சொல்வதற்கு டீ தேவைப்படவில்லை.

"மெஹ்ரு! கனகா! எல்லாரும் கேளுங்க. செவ்வாக்கிழமையே கம்ப்யூட்டர்ல இருந்த அளவு மொத்தமும் அழிஞ்சு போச்சு. உங்களுக்கெல்லாம் கஷ்டமா இருக்குமேன்னு நான் சொல்லல. அந்தப் பதினோரு சீட்டும் நானா என் கண்ணளவுல, உத்தேசமா எழுதிக் குடுத்தது!"

உள்ளே மெஷின்கள் நின்றன. பாய் அந்த அமைதியைக் கண்ணை மூடி ரசித்தார்.

"அப்படியாங்க?" என்றாள் மெஹ்ருன்னிசா. குரல் ஒரு மாதிரி இறுகியிருந்தது. யாரோ வாயில் துணியை அடைத்துக்கொண்டு இருமுவது கேட்டது.

பாய் அதைக் கவனிக்கவில்லை. போர்டில் எழுதியிருப்பதைக் கொஞ்சம் மாற்றலாமா, 'எல்லாம் கண்ணளவு' என்று போட்டால் எப்படி இருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்திருந்தார்.

அப்போது திரையை விலக்கிக்கொண்டு கனகாம்பாள் ஓடிவந்தாள். கையில் புடைத்த ஒரு கட்டைப் பை.

"மாமி போயிட்டாங்களா பாய்? ஐயோ, இதை மறந்துட்டுப் போயிட்டாங்களே!"

"என்னது அது?"

"அளவு ஜாக்கெட் பாய். பதினொண்ணு. எப்பவும் கவர்லயே உள்ள போட்டுப் பின் அடிச்சுடுவேன், இன்னிக்கு அவங்க போட்டுப் பாக்கறேன்னு வந்ததுல மறந்துடுச்சு."

பாய் பையைப் பார்த்தார். வாசல் போர்டைப் பார்த்தார். மறுபடி பையைப் பார்த்தார்.

"அளவு ஜாக்கெட்டா? நம்ம கடையிலயா? அப்ப நான் குடுத்த சீட்டு?"

"மெஷின்ல எண்ணெய் தொடைக்க அதைவிட நல்ல பேப்பர் ஏது பாய்?"

"கனகா, சும்மா இரு!" என்று திரைக்குப் பின்னாலிருந்து மெஹ்ருன்னிசா அதட்டினாள். அதட்டலின் பாதியிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இரும்மா, இரு" என்றார் பாய். வேங்கிக்காலில் அரை நாள் உட்கார்ந்து, அல்லாவை வேண்டிக்கொண்டு, தோண்டித் தோண்டி மீட்டுக் கொண்டுவந்த ஆயிரத்து நூற்று நாற்பது ஃபைலும் அவர் கண் முன்னால் வரிசையாக நின்றன. "மூணு வருசமா மெஹ்ரு டேப் வெச்சு அளந்து எனக்குக் குரல் குடுத்தாளே, அந்த அளவெல்லாம்?"

கனகாம்பாள் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, செருப்பில் கால் நுழைத்தபடியே சொன்னாள்:

"நடுக்கடையில நாலு ஆம்பளைங்க கேக்க இடுப்பளவைக் கத்திச் சொன்னா எந்தப் பொம்பளை பாய் இங்க வருவா? அதெல்லாம் அக்கா வாய்க்கு வந்த நம்பரு!"